முதல் சீட்டும் கடைசிச் சீட்டும்

என் மனைவி ஹெப்சிபாவுக்குக் குரல் போய் இரண்டு வருடம் ஆகிறது. கழுத்தில் இருந்த தைராய்டுக் கட்டியை எடுத்தபோது அதுவும் சேர்ந்து போனது. இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லித்தான் இருந்தார். கட்டி முதலில் போகட்டும் என்று அவளேதான் கையெழுத்துப் போட்டாள். இப்போது அவள் பேசுவது கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று வாயைப் பார்த்தால்தான் புரியும்.

வேறு வேலை செய்கிறவளுக்கு இது ஒரு குறை, அவ்வளவுதான். ஹெப்சிபா மீன் விற்கிறவள். திருவொற்றியூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, சாலையோரம் இருபத்து நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து விற்பார்கள். அவளுடைய பலகை முதல் மூலையில். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது அவளுடைய சங்கரா மீன்தான். செவுளின் சிவப்பு தெரியத் திருப்பி வைத்திருப்பாள். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அதனால் குரல் போனது வியாபாரத்தில் பெரிதாகத் தெரியவில்லை.

போன வருடம் சாலையை அகலப்படுத்தினார்கள். அந்த இருபத்து நான்கு பேருக்காகவும், சாலைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் மீன் அங்காடி ஒன்று கட்டிக்கொடுத்தார்கள். நல்ல கட்டடம்தான். டைல்ஸ் பதித்த மேடை, தண்ணீர்க் குழாய், கழிவு நீர் ஓட வழி எல்லாம் இருந்தன. ஆனால் எட்டுக் கடைகள் மட்டுமே சாலையைப் பார்த்தவை. மீதிப் பதினாறும் உள்ளே, ஒரு நீள நடையின் இரு பக்கமும். உள்ளே கடை கிடைத்தவள், வாசலில் நுழைகிற ஆளைத் தொண்டையால்தான் இழுக்க வேண்டும்.

வேலை முடியும் முன்பு ஒரு நாள் ஹெப்சிபா என்னை உள்ளே அழைத்துப்போய் வாசலருகே நிறுத்தினாள். தான் மட்டும் நடையின் கடைசிவரை நடந்து போய்த் திரும்பி நின்று, என்னைக் கூப்பிட்டாள். வாய் அசைவது தெரிந்தது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகளின் இரைச்சல்தான் கேட்டது. திரும்பி வந்து என் காதருகே சொன்னாள்.

“உள் கடை வந்துச்சின்னா மீன் யாவாரத்தையே வுட்டுடுவேன். இறால் கம்பெனிக்குப் போயி தோலு உரிக்க வேண்டிதான்.”

அந்த வேலையைக் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் செய்தவள் அவள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை ஊறும். விரலிடுக்குகளில் தோல் வெடித்து மூடிய கோடுகள் இன்னும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் எப்போதும் பேச்சு குறைவு. நானாகப் பேசாமல் இருந்தது பாதி, அவளால் பேச முடியாமல் போனது மீதி.

யாருக்கு எந்தக் கடை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வதாக அறிவித்தார்கள். விண்ணப்பம் கொடுத்த வரிசைப்படி டோக்கன்; டோக்கன் வரிசைப்படி ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். நான் எண்ணூர்த் துறைமுகத்தில் கிரேன்களுக்கு கிரீஸ் போடுகிறவன். விண்ணப்பம் வாங்கத் தொடங்கிய அன்று, ஷிப்டு முடிந்து வரும் வழியில் காலை ஏழு மணிக்கே அலுவலக வாசலில் போய் நின்றுவிட்டேன். ஹெப்சிபாவுக்கு ஒன்றாம் எண் டோக்கன் கிடைத்தது. இந்த அங்காடியை எவனும் கட்டி முடிக்கப் போவதில்லை என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ரோஸ்மேரி கடைசி நாளில்தான் விண்ணப்பம் கொடுத்தாள். அவளுக்குக் கடைசி டோக்கன், இருபத்து நான்கு.

டோக்கன் ஒன்று என்றதும் மார்க்கெட்டே எங்களைப் பொறாமையோடு பார்த்தது. காரணம் காசிமேட்டுப் பழக்கம். அங்கே ஏலத்தில் ஒரு கூடை மீனை நாலைந்து பெண்கள் சேர்ந்து எடுப்பார்கள். தரையில் கொட்டிக் கூறு போடுவார்கள். எவ்வளவு சமமாகப் போட்டாலும் ஒரு கூறில் நல்ல மீன் ஒன்று கூடுதலாக விழுந்துவிடும். முதலில் கை வைக்கிறவளுக்கு அது. அந்த முதல் கைக்காக அங்கே முடியைப் பிடித்துச் சண்டை நடக்கும். அதே பழக்கத்தில், மூடிய குடத்துக்குள் கையை விட்டுச் சீட்டு எடுப்பதையும் கூறு எடுப்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள். பார்த்து எடுப்பது வேறு, பார்க்காமல் எடுப்பது வேறு என்று யாருக்கும் படவில்லை. எனக்கும் படவில்லை. டோக்கனை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து அலமாரியைப் பூட்டியது நான்தான்.

ஹெப்சிபா மட்டும் மூன்று நாள் ஒரே யோசனையாக இருந்தாள். மீனை ஆய்ந்துகொண்டே இருப்பாள், கத்தி பாதியில் நின்றுவிடும். சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டுப் பிசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு கேள்வியை எடுத்தால் அதை முழுதாகப் பார்த்து முடிக்காமல் கீழே வைக்க மாட்டாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பெண். நான் டிப்ளமோ படித்தவன். எங்கள் இருவரில் யோசிக்கத் தெரிந்தவள் யார் என்று எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

நான்காம் நாள் மத்தியானம், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், மூன்று சோடா மூடிகளை ஒரு மஞ்சள் பையில் போட்டாள். ஒன்றின் உட்புறம் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருந்தாள். சங்கத் தலைவி வியாகுலம்மாளையும் ரோஸ்மேரியையும் உட்கார வைத்தாள். வியாகுலம்மாள் முதலில் எடுக்க வேண்டும், அடுத்து ரோஸ்மேரி, மிச்சம் ஹெப்சிபாவுக்கு. சிவப்பு யாரிடம் வருகிறதோ அவள் பேருக்கு தெர்மாகோல் பெட்டி மூடியில் ஒரு கோடு. முப்பது தடவை எடுத்தார்கள். மற்ற பெண்கள் சுற்றி நின்று ஏதோ பந்தயம் மாதிரி கத்தினார்கள். முடிவில் வியாகுலம்மாளுக்கு ஒன்பது, ரோஸ்மேரிக்குப் பதினொன்று, ஹெப்சிபாவுக்குப் பத்து.

“பாத்தியாக்கா? மொதல்ல எடுத்தாலும் ஒன்னுதான், கடைசில எடுத்தாலும் ஒன்னுதான்,” என்றாள் ஹெப்சிபா.

“எனக்கு ஒம்போது தான் வந்துச்சி. சிவப்பு கலரு எனக்கு எப்பவும் ஆவாது,” என்றாள் வியாகுலம்மாள்.

“மூடி வேற, கடை வேறமே,” என்றாள் ரோஸ்மேரி. “மொதல்ல எடுக்கறவளுக்கு கொடத்துல எட்டும் அப்படியே கீது. கடைசில போற எனக்கு இன்னா கீது? ஒரே ஒரு சீட்டு. அதுவும் எல்லாரும் வேணாம்னு வுட்ட சீட்டு.”

“வேணாம்னு எவளும் வுடலக்கா. எவ கண்ணுக்குத் தெரியுது? இருபத்தி நாலு சீட்டையும் தரையில வரிசையா கவுத்து வெச்சிட்டோம்னு வெச்சிக்க. மொத சீட்டு என்து, கடைசி சீட்டு உன்து. எதுல ரோட்டுக் கடை கீதுன்னு சொல்லு பாப்போம்.”

ரோஸ்மேரி உண்மையாகவே யோசித்தாள். தலையைச் சொறிந்துகொண்டாள்.

“தெர்ல.”

“ஆங். அவ்ளோதான்.”

“ஆனா எனக்கு அந்த மொத சீட்டுதான் வேணும்,” என்றாள் ரோஸ்மேரி. எல்லோரும் சிரித்தார்கள். ஹெப்சிபாவும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் என்னிடம் சொன்னது இது. தனியாக எடுத்தால் நூறு குலுக்கலில் முப்பத்து மூன்று தடவை ரோட்டுக் கடை வரும். ரோஸ்மேரியும் தானும் சேர்ந்துகொண்டு, யாருக்கு வந்தாலும் அந்தக் கடையில் காலையில் ஒருத்தி, மாலையில் ஒருத்தி என்று வைத்துக்கொண்டால், ஐம்பத்தாறு தடவை வரும்.

“ரெண்டு முப்பத்தி மூணு அறுபத்தாறு ஆச்சே?” என்றேன்.

“எனக்கு ஒன்னு வந்துட்டா மீதி இருபத்தி மூணுல ஏழுதான் ரோட்டுக் கடை. அப்படிப் பாத்தா எனக்கு வர்ற முப்பத்தி மூணுல ஒரு பத்து தடவ அவளுக்கும் சேந்து வந்துடும். அந்தப் பத்த நீ ரெண்டு பேர் கணக்குலயும் எண்ணிட்ட. ஒரு தரம் கழி.”

கழித்தேன். ஐம்பத்தாறுதான்.

“மீதி நாப்பத்தி நாலு?”

“இறால் கம்பெனி,” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயம் இருந்தது. பயத்தைப் பார்த்துக்கொண்டே கணக்கை மாற்றாமல் வைத்திருந்தாள். நானாக இருந்தால் அந்த நாற்பத்து நான்கை எப்படியாவது சின்னதாக்கி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் ரோஸ்மேரியிடம் போனோம். சும்மா கேட்டால் ரோஸ்மேரி பங்குக்கு வர மாட்டாள் என்று தெரியும். அதனால் தன் முதல் டோக்கனை அவளுக்கு மாற்றித் தருவதாக ஹெப்சிபா சொன்னாள். ரோஸ்மேரியின் கண் விரிந்தது. பக்கத்தில் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் வில்சன் துணியைப் போட்டுவிட்டு வந்தான்.

“தோ பாருக்கா,” என்றாள் ஹெப்சிபா. “இந்த டோக்கனுக்கு ஒரு மதிப்பும் இல்ல. இப்பவே சொல்லிட்டேன். அப்பறமா ஏமாத்திட்டன்னு சொல்லக்கூடாது.”

“மதிப்பில்லாதத நான் வாங்கிக்கிறேன், உனக்கின்னாமே?” என்றாள் ரோஸ்மேரி.

பேச்சு முடிந்தது. ஒருத்திக்கு மட்டும் ரோட்டுக் கடை வந்தால் அதில் காலையில் ஹெப்சிபா, மாலையில் ரோஸ்மேரி. மற்ற நேரத்துக்கு உள் கடை. இருவருக்கும் வந்தால் அவரவர் கடை அவரவருக்கு. இருவருக்கும் வராவிட்டால் அவரவர் பாடு.

குலுக்கல் அன்று காலை பத்து மணிக்கு அங்காடி வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மதி என்ற இளம் அதிகாரி வந்திருந்தார். எவர்சில்வர் குடம் ஒன்று, அதன் வாயில் துணி. டோக்கன் மாற்றிக்கொண்டதற்கு இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “கடை யார் பேருக்கு வருதோ அவங்க பேருலதான் எழுதுவோம். உள்ளுக்குள்ள நீங்க பேசிக்கிட்டது உங்க விஷயம்,” என்றார். ஒன்றிலிருந்து எட்டு வரை சாலையைப் பார்த்த கடைகள்.

ரோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டு கையை விட்டாள். கிளறு கிளறு என்று கிளறினாள். “யக்கா, மீன் குழம்பா வெக்கிற?” என்று யாரோ கேட்டார்கள். எடுத்த சீட்டை அதிகாரி பிரித்துப் படித்தார்.

“மூன்று.”

ஷாமியானா முழுக்க ஒரே கூச்சல். “மொத கைடீ! நான் சொல்லல?” “எப்சி குடுத்த டோக்கனு!” வந்துவிட்டது. காலையில் என் மனைவி மூன்றாம் கடையில் உட்காரப் போகிறாள். ஹெப்சிபாவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள்.

அப்போது வில்சன் முன்னால் வந்து என்னைப் பார்த்துக் கத்தினான்.

“இரு, இரு. மொத டோக்கனுக்கு மதிப்பு இல்லன்னு யாரு சொன்னது? எப்சிதான? இன்னா நைனா லியோனார்டு, நீயும்தான அப்போ நின்னுகினு இருந்த? மதிப்பில்லாத ஒன்ன குடுத்துட்டு பாதிக் கடைய எடுத்துகினு போவீங்களா? இன்னா நாயம் இது?”

ரோஸ்மேரி சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“டேய் வில்சா,” என்று வியாகுலம்மாள் எழுந்தாள். “அந்த டோக்கன அவ குடுக்கலன்னா உன் பொண்டாட்டி கைக்கு மூணு வந்திருக்குமாடா? மொதல்ல எடுத்ததாலதான் வந்துச்சி. பாதியக் குடு, மரியாதையா.”

ஆமாம், குடு, குடு என்று பெண்கள் எல்லோரும் சத்தம் போட்டார்கள். இருபது பேருக்கு மேல் எங்கள் பக்கம். எல்லோரும் ஹெப்சிபாவைப் பார்த்தார்கள். அவள் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், வில்சன் அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டிவிடு என்று எனக்குள் கெஞ்சினேன். அவள் சொல்ல வேண்டிய பொய் அங்கிருந்த எல்லோரும் உண்மை என்று நம்பிய பொய். அதைவிடச் சுலபமான பொய் உலகத்தில் இல்லை.

ஹெப்சிபா தலையை இல்லை என்று அசைத்தாள். வியாகுலம்மாளின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அவள் குரல் மூன்றாவது ஆளுக்குக் கேட்காது என்பதால் வியாகுலம்மாள்தான் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

“மொதல்ல எடுத்ததால வரலியாம்.” சொல்லிவிட்டு அவளையே பார்த்தாள். “லூசாடி நீ? உனக்காகத்தான நான் கத்திகினு கீறேன்?”

ஹெப்சிபா மறுபடி சொன்னாள். வியாகுலம்மாள் மனசில்லாமல் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“டோக்கனுக்கு மதிப்பு இல்லன்னு அன்னிக்கே சொன்னாளாம். இன்னிக்கும் அதான் சொல்றாளாம்... அவ குடுத்தது டோக்கன் இல்லியாம். அவ சீட்டுல பாதியாம்... கடைசியா அவ எடுக்கப் போற சீட்டு.”

வில்சன் சிரித்தான். “இன்னும் எடுக்கவே இல்ல. அதுல இன்னா பாதி?”

ஹெப்சிபா அவனைப் பார்க்கவில்லை. ரோஸ்மேரியிடம் போய் நின்றாள். இப்போது யாரும் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் நான் அருகில் இருந்தேன், எனக்குக் கேட்டது.

“யக்கா, உன்து உள் கடையா வந்து, கடைசியா என் சீட்டுல மூணு வந்திருந்தா, நீ எங்கிட்ட பாதி கேட்டிருப்பியா மாட்டியா?”

ரோஸ்மேரி பதில் சொல்லவில்லை. மௌனத்தில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இது வேறு மாதிரி இருந்தது. ஒருத்தி தனக்குள் ஒரு படி இறங்கி அங்கே இருட்டில் எதையோ தடவிக்கொண்டிருப்பது போல. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “டோக்கன் ரெண்டு வாங்க,” என்றார்.

குலுக்கல் தொடர்ந்தது. ஹெப்சிபா திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் கை என் கையில் சில்லென்று இருந்தது. எனக்கு அவள்மீது கோபமும் இருந்தது. நான்கு பேருக்கு உள் கடை வந்தது, ஒருத்திக்கு ஏழாம் கடை, மறுபடி உள் கடைகள். யாராவது ஒருத்தி ரோட்டுக் கடை எடுக்கும்போதெல்லாம் ஹெப்சிபா விரலை மடக்கினாள். பத்தாவது ஆள் வரும்போது கோபம் குறைந்திருந்தது. இவள் இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். தலையை ஆட்டியிருப்பேன். மூன்றாம் கடையில் உட்கார்ந்து சாகும்வரை அதை நியாயம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்த பெண்ணிடம், நான் எட்டிப் பார்க்கவே முடியாத ஓர் உயரம் இருந்தது அப்போது தெரிந்தது. எதிரில் ரோஸ்மேரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

இருபத்து இரண்டு சீட்டுகள் முடிந்தன. ஏழு ரோட்டுக் கடைகள் போயிருந்தன. குடத்தில் இரண்டு சீட்டு, ஒன்று ரோட்டுக் கடை. வியாகுலம்மாள் இருபத்து மூன்றாவது.

“பாதிக்குப் பாதி,” என்று ஹெப்சிபா என் காதில் சொன்னாள்.

வியாகுலம்மாள் எடுத்தாள். “ஐந்து,” என்றார் அதிகாரி. வியாகுலம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அதிகாரி குடத்தைச் சாய்த்து, “கடைசி சீட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. பத்தொன்பதுதான் மிச்சம்,” என்றார். ஹெப்சிபா கை நீட்டி அதை வாங்கி, தானே பிரித்து, பத்தொன்பது என்று இருப்பதைப் பார்த்துவிட்டு மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ரோஸ்மேரி எழுந்து வந்தாள். வில்சன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். உதறினாள்.

“இந்தா, நீ ஆட்டோவாண்ட போ,” என்று அவனிடம் சொல்லிவிட்டு ஹெப்சிபாவின் முன்னால் நின்றாள்.

“உன் சீட்டு ரோட்டுக் கடையா வரணும்னு ஜெபமாலைல அம்பத்தி மூணு மணியும் உருட்டி மாதாவ வேண்டிக்கினேன் தெர்மா? உம்மேல பாசத்துல இல்ல. உனக்குத் தனியா வந்துட்டா என்துல பங்கு குடுக்க வேணாமேன்னு.”

ரோஸ்மேரி ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“பாதி ஜெபமாலை போறப்போதான் தோணுச்சி. என்து உள் கடையா வந்திருந்தாலும் இதே மாதிரிதான் உன் சீட்டப் பாத்துகினு ஒக்காந்திருப்பேன். நீ தர மாட்டன்னு சொல்லியிருந்தா உன் முடியப் பிடிச்சி இழுத்துப் போட்டு பாதி வாங்கியிருப்பேன். அப்போ அது என்துதான? பிரிக்காத சீட்டுக்கும் வெல கீதுமே.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “காலைல பன்னெண்டு வரைக்கும் நீ. ஒரு நிமிஷம் தாண்டுனாலும் உன் சங்கராவத் தூக்கி ரோட்டுல எறிஞ்சிடுவேன்.”

ஹெப்சிபா அவள் தோளைத் தொட்டாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் பெண்கள் இன்னும் முதல் டோக்கனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் கைக்கு மூன்றாம் கடை வந்தது என்ற கதை அடுத்த நாளே காசிமேடு வரை போய்விடும் என்று தெரிந்தது. கடைசிக்கு முந்தின ஆளுக்கு ஐந்தாம் கடை வந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனோம். பாதி வழியில் கேட்டேன்.

“வாக்கு தவறாம அவ பாதியக் குடுப்பான்னு நூத்துக்கு எத்தினி போட்டு வெச்சிருந்த?”

அவள் நின்றாள். யோசித்தாள். மறுபடி நடந்தாள். ரயில்வே கேட் தாண்டியது, மாவு மில் தாண்டியது, தெரு முனை வந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

“அத மட்டும் எண்ணிப் பாக்கல. எண்ணியிருந்தா அவகிட்ட போயிருக்கவே மாட்டேன்.”